வேகத்தில் பறக்குது... குறைச்சா நிக்குது! பழைய படகு என்ஜினின் ‘ஐட்லிங்’ நோய்க்கு என்ன வைத்தியம்?

கடலோர ஊர்களில் அவுட்போர்டு மெக்கானிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். இந்த வசனம் காதில் விழாமல் இருக்காது: “அண்ணே, ஃபுல் ஆக்சிலேட்டர்ல நல்லா போகுதுண்ணே. குறைச்சா ஆஃப் ஆயிடுது!”

கரையில் நின்று கேட்பவர்களுக்கு இது சின்னப் பிரச்னையாகத் தெரியும். ‘வேகமாகப் போகிறதல்லவா, பிறகென்ன?’ என்று தோன்றும். ஆனால், கடலில் வேகமாகப் போகும் நேரத்தில் ஆபத்து குறைவு. வலையை இழுக்கும்போதும், பக்கத்துப் படகோடு அணைக்கும்போதும், திரும்பி வரும் வழியில் பொழிமுகத்துக்கு வெளியே அலையின் போக்கைப் பார்த்துக் காத்திருக்கும்போதும்தான் என்ஜின் ஐட்லிங்கில் ஓடியாக வேண்டும்.

குமரி மாவட்டக் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய அலை போனதும், அடுத்தது எழுவதற்குள் உள்ளே நுழைய வேண்டும். அதற்கு என்ஜின் ‘பொட் பொட்’ என்று மெதுவாகத் துடித்துக்கொண்டு, கைப்பிடியைத் திருகியதும் பாயத் தயாராக இருக்க வேண்டும். அந்த நொடியில் ஆஃப் ஆனால் படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும். பிறகு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய அலை நேரம் தராது. பொழிமுகத்தில் படகுகள் கவிழ்ந்த செய்திகளை நாம் வருடம் தவறாமல் படிக்கிறோம்.

அதனால், ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று தள்ளிப்போடக் கூடாத பழுது இது. நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான சமயம் இதற்கான காரணம் ஒரு தலைமுடி நுழையும் அளவு துளையில் அடைத்துக்கொண்ட அழுக்குதான்.

ஏன் குறைத்தால் மட்டும் நிற்கிறது?

பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்த நோய் பரிச்சயம். ரோட்டில் ஜோராக ஓடும். சிக்னலில் நின்றதும் ஆஃப். பின்னால் ஹாரன் சத்தம், முன்னால் நாம் கிக்கரை உதைத்துக்கொண்டிருப்போம். படகில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே என்ஜின்தான். நம் கடற்கரையில் நாட்டுப்படகுகளின் பின்னால் தொங்குகிற பழைய யமஹா, சுஸுகி என்ஜின்களில் பெரும்பாலானவை கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் ரகம்.

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மெயின் ஜெட். ஆக்சிலேட்டரைத் திருகி காற்று வேகமாக உள்ளே போகும்போது, அந்த வேகமே இந்த வழியாக எரிபொருளை உறிஞ்சிக் கொடுக்கும். இன்னொன்று பைலட் ஜெட். மெக்கானிக்குகள் ‘ஸ்லோ ஜெட்’ என்பார்கள். ஆக்சிலேட்டரை முழுக்கக் குறைத்ததும் காற்றுவழியில் இருக்கும் மூடி (பட்டர்ஃபிளை) ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது மெயின் ஜெட்டில் எதுவும் வராது. பைலட் ஜெட்டின் துளை வழியாகக் கசியும் கொஞ்ச எரிபொருளை நம்பித்தான் என்ஜின் உயிரோடு இருக்கும். அந்தத் துளையின் அகலம் அரை மில்லிமீட்டர் அளவுதான்.

இப்போது புரியும். மெயின் ஜெட் சுத்தமாக இருந்தால் வண்டி வேகத்தில் பறக்கும். பைலட் ஜெட் அடைத்திருந்தால் குறைத்ததும் பட்டினியில் சாகும். வேகத்தில் நன்றாக ஓடுவதால் என்ஜினில் கோளாறு இல்லை என்று நினைப்பது அதனால்தான் தப்பு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 5,000 சுற்றில் ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 80 தடவைக்கு மேல் வெடிக்கும். ஒன்றிரண்டு தவறினாலும் சுழலும் வேகம் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். 800 சுற்றில் நொடிக்கு 13 தடவைதான். அதில் மூன்று, நான்கு தவறினால் என்ஜின் நின்றுவிடும். சின்னக் காற்றுக் கசிவு, களைத்த பிளக், கொஞ்சம் தண்ணீர் கலந்த பெட்ரோல் என வேகத்தில் மறைந்துகொள்ளும் குறைகள் எல்லாம் ஐட்லிங்கில் வெளியே வருவது இப்படித்தான்.

கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனை

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்யவேண்டியவை இவை. காசு செலவில்லை. ஆனால், ஒரு முக்கியமான எச்சரிக்கை. என்ஜினைத் தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர், வெறும் ஓட்டத்தில் சில நொடிகளிலேயே தேய ஆரம்பித்துவிடும். தண்ணீர் நிரப்பிய பெரிய டிரம்மிலோ, கரையோர ஆழத்தில் படகைக் கட்டிப்போட்டோதான் ஓட்ட வேண்டும்.

முதல் சோதனை, சோக். என்ஜின் சூடான பிறகு ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். தடுமாறி ஆஃப் ஆகப்போகும் நேரத்தில் சோக்கை லேசாக இழுங்கள். உடனே நிமிர்ந்து ஓடினால், அதற்கு எரிபொருள் போதவில்லை அல்லது காற்று அதிகம் என்று அர்த்தம். பைலட் ஜெட் அடைப்பு, எங்கோ காற்றுக் கசிவு என்று தேடலாம். சோக்கை இழுத்ததும் இன்னும் மோசமாகி நின்றால், எரிபொருள் ஏற்கெனவே அதிகமாகப் போகிறது அல்லது பிளக்கில் தீப்பொறி சரியில்லை. ஒரே இழுப்பில் பிரச்னை பாதியாகக் குறைந்துவிட்டது பாருங்கள்.

இரண்டாவது, டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவில் டியூப்பில் இருக்கிற கையால் அமுக்கும் ரப்பர் பல்ப். தடுமாறும்போது அதை மெதுவாக அமுக்குங்கள். அமுக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால் எரிபொருள் வந்து சேர்வதில் குறை. என்ஜின் மேல் இருக்கிற சின்ன ஃப்யூயல் பம்ப்பின் டயாப்ரம் பழுதாகியிருக்கலாம். டியூப் முனையில் இருக்கும் கனெக்டரின் ரப்பர் வளையம் தேய்ந்து, பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சலாம். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்துக்காக மட்டும் முழு கார்புரேட்டரைப் பிரித்தவர்கள் எத்தனையோ பேர்!

அமுக்கியதும் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் வழிந்து நின்றால் கதை வேறு. மிதவையோடு இருக்கும் ஊசி வால்வு சரியாக மூடவில்லை.

தண்ணீரும் எத்தனாலும்

அடுத்து, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் வடிதிருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் குண்டுமணி போல் தனியாக உருளுகிறதா? தண்ணீர். பழுப்பு நிறத் தூளா? துரு. பிசின் மாதிரி ஒட்டுகிறதா? பழைய பெட்ரோல் காய்ந்து போனது. பக்கத்தில் அடுப்போ, பீடியோ, சிகரெட்டோ கூடாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தண்ணீர் பிரச்னை இப்போது கூடியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் பங்கில் வாங்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? பாதி காலியான டேங்க், நாள்கணக்கில் கரையில் கிடந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். அதாவது, என்ஜினுக்கு முதலில் கிடைப்பதே அந்தக் கலவை. இருபது வருடத்துக்கு முந்தைய டியூப்களும் டயாப்ரங்களும் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. டியூப்பின் உள்பக்கம் உரிந்து, சின்னச் சின்னத் துணுக்காக கார்புரேட்டருக்குள் போய் உட்காரும். பழைய என்ஜினுக்குப் புது டியூப் போடுவதுதான் இருப்பதிலேயே மலிவான வைத்தியம். நிறைய பேர் அதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

கார்புரேட்டரைத் திறக்கலாமா?

கொஞ்சம் பொறுமையும் வெளிச்சமும் இருந்தால் திறக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காத வசதி இது. கழற்றியதை ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். மணலில் துணி விரித்து வேலை பார்ப்பது படகுத்துறையில் சகஜம். ஆனால் ஒரு மணல்துகள் போதும், சுத்தம் செய்யப்போனவர் புது அடைப்பை உண்டாக்கிவிட்டு வருவார்.

அடிக்கிண்ணத்தைக் கழற்றி, மிதவையை எடுத்து, பைலட் ஜெட்டைச் சரியான அளவு ஸ்க்ரூ டிரைவரால் திருகி எடுங்கள். பித்தளையில் செய்த மென்மையான பொருள். அளவு மாறினால் தலை சிதைந்துவிடும். எடுத்ததை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் துளை வழியே வெளிச்சத்தின் ஒரு சின்ன வட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் திருடன் அகப்பட்டான்!

கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, காற்றடித்து ஊதுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் மின்வயரின் செம்பு இழை ஒன்றை நுழைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி, ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம். துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் ஜெட்டின் அளவு மாறிப்போகும், பிறகு எப்படித் திருகினாலும் ஐட்லிங் சரியாகாது. ஸ்பிரே அடிக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையில் பீய்ச்சிக்கொண்டு முகத்துக்கு வரும்.

ஜெட்டைச் சுத்தம் செய்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பட்டர்ஃபிளை மூடும் இடத்தில், சுவரோரமாக ஊசிமுனை போல இரண்டு மூன்று துளைகள் இருக்கும். பைலட் ஜெட்டில் வரும் எரிபொருள் வெளியே வரும் வாசல் இவைதான். ‘ஜெட்டைச் சுத்தம் செய்தேன், அப்படியும் நிற்கவில்லை’ என்று வருகிற என்ஜின்களில் பெரும்பாலும் இந்தத் துளைகளைத்தான் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

திரும்ப மாட்டியதும் ஐட்லிங் கலவைத் திருகு. அதை மெதுவாக, முட்டும்வரை மட்டும் உள்ளே திருகுங்கள். இறுக்கினால் ஊசிமுனை கெட்டுப்போகும். அங்கிருந்து சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பி வைப்பது பல என்ஜின்களுக்கு ஆரம்பப் புள்ளி. உங்கள் என்ஜினின் சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். பிறகு என்ஜினைச் சூடாக்கி, கால்சுற்றுக் கால்சுற்றாகத் திருப்பி, சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். சில மாடல்களில் இந்தத் திருகு எரிபொருளைக் கட்டுப்படுத்தும், சிலவற்றில் காற்றை. அதனால் எந்தப் பக்கம் திருப்பினால் எரிபொருள் கூடும் என்பது மாடலுக்கு மாடல் தலைகீழாக இருக்கும். பக்கத்துப் படகுக்காரர் சொன்ன கணக்கை அப்படியே உங்கள் என்ஜினில் போடாதீர்கள்.

டிரம்மில் வைத்துச் சரிசெய்தாலும், கடைசித் திருப்பத்தைக் கடலில் வைத்துத்தான் முடிக்க வேண்டும். டிரம்முக்குள் தண்ணீர் கொந்தளிக்கும், என்ஜின் விட்ட புகையையே திரும்ப உறிஞ்சும். அங்கே தடுமாறுவது எல்லாம் நோய் அல்ல.

மண்ணெண்ணெய் என்ஜின் என்றால்...

நம் கடற்கரையில் இது தனி அத்தியாயம். அவுட்போர்டு என்ஜினை 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஓலே எவின்ரூட், நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வளர்ந்தவர். ஏரியின் அக்கரையிலிருந்து காதலிக்கு ஐஸ்க்ரீம் வாங்கிவரத் துடுப்புப் போட்டார், வருவதற்குள் உருகிவிட்டது, அதனால்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. அவர் ஐஸ்க்ரீமுக்காகச் செய்தது, 1980-களில் கேரளத்திலும் குமரியிலும் வள்ளங்களின் பின்னால் ஏறியபோது இங்கே சோற்றுப் பிரச்னையாகிவிட்டது. பெட்ரோல் விலைக்குத் தினமும் கடலுக்குப் போகக் கட்டுப்படியாகாது. ஆகவே மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்கள் வந்தன. மீனவர்களுக்கு மானிய விலையில் அரசு மண்ணெண்ணெய் தருவதும் இதற்காகத்தான்.

பெட்ரோல், மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றும் ஆவியைத் தந்துவிடும். மண்ணெண்ணெய்க்கு 35, 40 டிகிரியாவது வேண்டும். அதனால் இந்த என்ஜின்களைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். பெட்ரோலைச் சேமிக்க, சூடாகும் முன்பே அவசரமாக மாற்றினால் ஐட்லிங் தடுமாறும். எரியாத மண்ணெண்ணெய் பிளக்கை நனைக்கும். கரி சேரும். அப்படி மிச்சம் பிடிக்கிற ஐந்து நிமிட பெட்ரோல், பிளக் செலவில் போய்விடும்.

நெடுநேரம் குறைந்த வேகத்தில், உதாரணத்துக்கு வலை இழுக்கிற ஒரு மணி நேரம் முழுக்க மண்ணெண்ணெயில் ஐட்லிங்கில் போட்டாலும் இதே கதைதான். நடுநடுவே கொஞ்சம் வேகம் கொடுத்து உள்ளே சூடேற்றிக்கொள்வது நல்லது.

இங்கே தெர்மோஸ்டாட்டையும் சொல்ல வேண்டும். என்ஜின் தேவையான சூடு அடையும்வரை குளிர்ந்த கடல்நீரைத் தடுத்து வைக்கிற சின்ன வால்வு அது. உப்பும் மணலும் சிக்கி அது மூடியபடி நின்றால் என்ஜின் கொதித்துவிடும் என்று பயந்து, சிலர் அதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். கொதிக்காது, உண்மைதான். ஆனால் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஐட்லிங் எப்படி நிற்கும்? கழற்றி வீசுவதற்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவதே சரி.

பிளக் சொல்லும் ஜாதகம்

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம். கறுப்பாக, ஈரமாக இருந்தால் எரிபொருளோ ஆயிலோ அதிகம், இல்லையேல் தீப்பொறி பலவீனம். வெளுத்துப் போயிருந்தால் எரிபொருள் போதவில்லை. இதை அலட்சியம் செய்யக் கூடாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் டூ ஸ்ட்ரோக்கின் பிஸ்டனுக்கு உயவு. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும், வேகத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு சிலிண்டர் என்ஜினில் ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால், அந்தப் பக்கம் வேலையே செய்யவில்லை. வேகத்தில் ஒரு சிலிண்டரே இழுத்துக்கொண்டு போகும், ஐட்லிங்கில் அதனால் தனியாக முடியாது. பிளக்குகளைப் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நோய் பிளக்கோடு கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. அதே பக்கம் நின்றால் காயில், வயர், கார்புரேட்டர் என்று தேட வேண்டும்.

ஓடும் என்ஜினில் பிளக் கேப்பைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஈரக்கையும் உப்புத்தண்ணீருமாக நின்று செய்கிற காரியமா அது? தூக்கி அடிக்கும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள என்ஜினில் காயிலும் போகலாம். ஆஃப் செய்துவிட்டு ஒரு கேப்பைக் கழற்றி, அதை எர்த் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் முறை.

ஆயிலை கண்ணளவில் ஊற்றுவதும் பிளக்கின் எதிரி. 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் என்று உங்கள் கையேடு சொன்னால் அது போதும். ‘கூட ஊத்தினா என்ஜினுக்கு நல்லது’ என்பது அன்பான நம்பிக்கை. அந்த அன்பில் பிளக்தான் மூச்சுமுட்டும்.

கியரில் போட்டால் மட்டும் நிற்கிறதா?

நியூட்ரலில் நன்றாக ஓடி, கியரில் போட்டதும் ஆஃப் ஆகிறது என்றால், கார்புரேட்டரை விட்டுவிட்டு முதலில் பின்னால் குனிந்து பாருங்கள். புரொப்பல்லர் அச்சில் நைலான் வலைத்துண்டோ, தூண்டில் நரம்போ சுற்றியிருக்கும். வெளியே தெரியாமல் புரொப்பல்லருக்குப் பின்னால் ஒளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. கழற்றித்தான் பார்க்க வேண்டும். நரம்பு அச்சின் சீலை அறுத்து, கியர் பெட்டிக்குள் தண்ணீரை விட்டுவிடும். கியர் ஆயில் பால் கலந்த டீ போல வந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பலரும் பார்க்காத இன்னொரு இடம். வேகத்தில் ஓடும்போது என்ஜின் புகை தண்ணீருக்கடியில் வெளியேறும். ஐட்லிங்கில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக அந்தப் புகைக்குப் பலம் கிடையாது. அதற்காகத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, என்ஜினின் காலில் ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். பல வருடக் கரியும் உப்பும் சேர்ந்து அது மூடிப்போயிருந்தால் என்ஜினுக்கு மூச்சு விட வழியில்லை. துளை சுத்தமாக இருந்தும் பயனில்லாமல் போகலாம். பின்பக்கம் ஐஸ் பெட்டியும் வலையும் ஆளுமாகப் பாரம் ஏறி, துளை தண்ணீருக்குள் முங்கினால் அதே விளைவுதான். போகும்போது நிற்காத என்ஜின், மீனோடு திரும்பும்போது மட்டும் நிற்கிறது என்றால் பாரத்தைக் கொஞ்சம் முன்பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

காற்றுக் கசிவு: கொஞ்சம் கஷ்டமான கேஸ்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், சோக் போட்டால் மட்டும் நிமிர்கிறது என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்து கேஸ்கெட்டைச் சுற்றி ஆயில் கேனால் கொஞ்சம் ஆயில் விட்டுப் பாருங்கள். என்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். இதற்கு பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான என்ஜின் மேல் அந்த விளையாட்டு வேண்டாம்.

கார்புரேட்டர் வாயில் எரிபொருள் புகைபோலத் திரும்பத் துப்பினால் ரீட் வால்வின் தகடு ஒன்று உடைந்தோ வளைந்தோ இருக்கலாம். அதையும் தாண்டினால், கிராங்க் ஷாஃப்ட்டின் மேல், கீழ் சீல்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பெட்டியே ஒரு பம்ப்; சீல் போனால் பம்ப் ஓட்டை. இது வீட்டில் வைத்துச் செய்யும் வேலை அல்ல. இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பத்து சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கார்புரேட்டருக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு என்ஜினைப் பிரிப்பதா, மாற்றுவதா என்று யோசிக்கும் நேரம் வந்துவிட்டது.

குறுக்கு வழி வேண்டாம்

நோயைக் கண்டுபிடிக்காமல், ஐட்லிங் வேகத் திருகை இரண்டு சுற்று ஏற்றிவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று அனுப்பும் வைத்தியம் பரவலாக நடக்கிறது. என்னைக் கேட்டால், இதில்தான் அதிக நஷ்டம். என்ஜின் நிற்காது, சரி. ஆனால், உயர்ந்த சுற்றில் கியர் போடும்போதெல்லாம் ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கியர் பெட்டிக்குள் பற்கள் முட்டி மழுங்கும் சத்தம் அது. சில மாதத்தில் கியர் தானாக நழுவ ஆரம்பிக்கும். ஜெட்டைச் சுத்தம் செய்யும் செலவுக்குப் பயந்து கியர் பெட்டிக்குச் செலவழிப்போம். ஆட்களைப் பக்கத்துப் படகுக்கு ஏற்றும்போது, குறைக்கவே முடியாத என்ஜின் படகை முன்னால் தள்ளிக்கொண்டு போவது வேறு.

கடலில் வைத்து மக்கர் பண்ணினால்?

பொழிமுகத்துக்கு வெளியே, அலை முறியும் இடத்திலிருந்து நல்ல தூரத்திலேயே ஒருமுறை ஐட்லிங்கில் போட்டு, கியரை மாற்றிப் பார்த்துவிடுங்கள். நின்றால் அங்கே நிற்கட்டும். மண்ணெண்ணெயில் வந்துகொண்டிருந்தால் பெட்ரோலுக்கு மாற்றுங்கள். நுழையும்போது இருப்பதிலேயே நம்பகமான எரிபொருள் அதுதான். தேவைப்பட்டால் சோக் லேசாக, ஒருவர் ரப்பர் பல்ப்பில் கை வைத்தபடி. அப்படியும் ஐட்லிங் நிற்கவில்லை என்றால் நுழைய வேண்டாம். நங்கூரம் போட்டு, இன்னொரு படகை அழைத்து இழுத்துவரச் சொல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட் அணிந்திருப்பதும், துடுப்பும் நங்கூரமும் படகில் இருப்பதும், கில் ஸ்விட்ச் கயிறு ஓட்டுபவர் கையில் மாட்டியிருப்பதும் இந்த நேரத்துக்காகத்தான். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்.

கரை சேர்ந்ததும் ஒரு வேலை பாக்கி. மண்ணெண்ணெயிலேயே ஆஃப் செய்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கரைக்கு வரும் கடைசி சில நிமிடங்கள் பெட்ரோலில் ஓடினால்தான் கார்புரேட்டரில் மறுநாள் ஸ்டார்ட்டுக்குப் பெட்ரோல் இருக்கும். ஆனி, ஆடிக் கடலில் படகு வாரக்கணக்கில் மேலேறிக் கிடக்கப்போகிறது என்றால், நல்ல தண்ணீர் டிரம்மில் வைத்து உப்பு போக ஓட்டி, எரிபொருள் டியூப்பைக் கழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு அடிக்கிண்ணத்தின் வடிதிருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட்டு, திருகை மூடி, மேல்மூடியை மாட்டுங்கள்.